படபடப்புக்கு மூச்சு என்ன செய்யும்?

அன்புள்ள கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். தியானம் செய்தால் உண்மையிலேயே உடம்புக்குள் ஏதாவது நடக்கிறதா, இல்லை நடப்பதாக நாமே நம்பிக்கொள்கிறோமா என்று கேட்டிருந்தாய். நர்சிங் மாணவிகளுக்கு உடலியங்கியல் நடத்தியவளிடம் இதைக் கேட்டால் பதில் வாட்ஸ்அப்பில் அடங்காது, அதனால்தான் கடிதம்.

நடக்கிறது. இதயத் துடிப்பு, செரிமானம், இரத்த அழுத்தம் ஆகியவற்றை நம்மைக் கேட்காமலே நடத்தும் தானியங்கு நரம்பு மண்டலத்தில் பரிவு நரம்புகள், எதிர்ப்பரிவு நரம்புகள் என இரு பிரிவுகள் உண்டு என்று பள்ளியில் படித்திருப்பாய். ஆபத்து என்று மூளை கருதியதும் பரிவு நரம்புகள் முந்திக்கொள்கின்றன. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. எதிர்த்து நில் அல்லது ஓடு என்னும் இந்த ஆயத்த நிலையை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வால்டர் கேனன் 1915-இலேயே விளக்கிவிட்டார். நெருக்கடி நீடித்தால் மூளையிலுள்ள ஹைப்போதலாமசும் பிட்யூட்டரியும் சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பியைத் தூண்டிக் கார்ட்டிசோல் என்னும் ஹார்மோனையும் சுரக்க வைக்கின்றன. துரத்தும் நாய் தெருமுனையோடு நின்றுவிடும். உன் மேலாளரின் மின்னஞ்சலோ நீ கண்ணை மூடிப் படுத்த பிறகும் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறை ஓடும்போதும் உடம்பு புதிதாக ஆயத்தமாகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு நீ எழுந்து உட்காருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

இந்த ஆயத்த நிலையை அடக்குவது எதிர்ப்பரிவு நரம்புகளின் வேலை. அதில் பெரும்பங்கு வேகஸ் நரம்புக்கு உரியது. மூளைத் தண்டிலிருந்து கிளம்பிக் கழுத்து வழியாக இதயம், நுரையீரல், வயிறு வரை இறங்கும் பத்தாவது கபால நரம்பு அது. 1921-இல் ஓட்டோ லோவி ஒரு தவளை இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டித் துடிப்பைக் குறைத்தார். அந்த இதயம் இருந்த திரவத்தை எடுத்து இன்னோர் இதயத்தில் விட்டபோது அதுவும் மெதுவாயிற்று. நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தோடு பேசுகிறது என்று அன்றுதான் தெளிவாயிற்று. அப்பொருளின் பெயர் அசிட்டைல்கோலின்.

இதை நீயே தொட்டுப் பார்க்கலாம். அமைதியாக உட்கார்ந்து, மணிக்கட்டில் பெருவிரலுக்குக் கீழே ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வை. பெருவிரலால் பார்க்காதே, அதற்கே ஒரு துடிப்பு உண்டு. மெதுவாக மூச்சை இழுக்கும்போது நாடி சற்று நெருங்கி அடிக்கும். நிதானமாக வெளியே விடும்போது துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி கூடும். மூச்சு வெளியேறும்போது வேகஸின் பிடி இறுகுகிறது. வயது ஏற ஏற இந்த வேறுபாடு குறைந்துவிடும், என் கையில் தேடித்தான் பிடிக்க வேண்டும். உன் கையில் தெளிவாகவே தெரியும். இதயத்துக்கு நாம் நேராக ஆணையிட முடியாது; ஆனால் தானாகவும் நடந்து, நாம் சொன்னாலும் கேட்கும் மூச்சின் வழியாக அதை எட்ட முடியும். தியான மரபுகள் பலவும் மூச்சிலிருந்து தொடங்குவது சும்மா இல்லை.

2001-இல் இத்தாலிய மருத்துவர்கள் இலத்தீன் ஜெபமாலையையும் ஒரு பௌத்த மந்திரத்தையும் ஓதச் சொல்லி அளந்தபோது, இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஆகக் குறைந்தது. இரத்த அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் வலுத்தது. எந்தக் கடவுள் என்று வேகஸ் நரம்பு விசாரிப்பதில்லை போலும்.

ஆனாலும் எட்டே வாரத்தில் மூளையின் அமைப்பே மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதே. 2022-இல் கூடுதல் கவனத்தோடு நடத்திய ஆய்வில் அப்படி எதுவும் தென்படவில்லை. 2014-இல் 47 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைவதாகவும், உடற்பயிற்சியையோ மருந்தையோ விடத் தியானம் மேலானது என்பதற்குச் சான்று இல்லை என்றும் சொன்னார்கள். எனக்கு அந்த "ஓரளவு" போதும். பெரிய வாக்குறுதிகளைவிட அதையே நம்பலாம்.

மனம் நிற்கவே மாட்டேன் என்கிறது என்று நீ அலுத்துக்கொண்டாய். அது நிற்க வேண்டியதில்லை, கயல். அலைந்த மனத்தை மறுபடியும் மூச்சுக்கு இழுத்து வருவதுதான் பயிற்சி. அது எத்தனை முறை நேர்ந்தாலும் சரி. கண்ணை மூடினால் பதற்றம் ஏறுகிறது என்றால் திறந்தே வைத்துக்கொள், அல்லது மெதுவாக நடந்துகொண்டே மூச்சைக் கவனி. சிலருக்கு அப்படித்தான்.

இன்னொன்று. எல்லாப் படபடப்பும் மன அழுத்தத்தால் வருவதில்லை. தைராய்டு மிகையாகச் சுரந்தாலும், இரத்தசோகை இருந்தாலும் நெஞ்சு இப்படித்தான் அடித்துக்கொள்ளும். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து இரண்டையும் பரிசோதித்துக்கொள். மாலைக் காப்பியையும் நிறுத்து. முடிவு வந்ததும் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பு. எண்களை நானும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா