காலுடைந்த குதிரையை ஏன் ஒட்டவில்லை?

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். கண்ணாடிக்குள் விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் அந்த மண்குதிரை, நம் அய்யனார் கோயில் குதிரை போலவே இருக்கிறது. "நம்ம ஊர்ல மட்டும் ஏன் மாமா உடைஞ்சு கிடக்குது, யாரும் ஒட்டக்கூட மாட்டேங்குறாங்க?" என்று கேட்டிருந்தாய். நம் ஊர்ப் பிள்ளைகள் இன்னும் சிலரும் இதையே கேட்டார்கள். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

கண்மாயிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வைகை வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. பெரியாற்றுத் தண்ணீர் நம் பக்கம் திரும்பியதே 1895இல் அணை கட்டி முடித்த பிறகுதான். அதற்கு முன்பெல்லாம் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தேக்கினால்தான் மேலூர்ப் பக்கம் நெல். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். கரை உடைந்தால் ஊர் போச்சு. அந்தக் கரையைக் காக்கத்தான் அய்யனார் அங்கே உட்கார்ந்திருக்கிறார், மடையில் கருப்பசாமி நிற்கிறார். ராத்திரியில் கரையைச் சுற்றி வர அய்யனாருக்குக் குதிரை வேண்டும்.

குதிரைக்கான களிமண்ணும் கண்மாயில்தான், அதுவும் கோடையில் தண்ணீர் வற்றினால்தான் எடுக்க முடியும். புரவி எடுப்பு, அதாவது அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் திருவிழா என்று ஊர் கூடி முடிவானதும், பெரியவர்கள் மண்பாண்டம் செய்யும் வேளாரிடம் ஒரு பிடி மண் கொடுப்பார்கள். அதுதான் பிடிமண். அதை வாங்கிய பிறகுதான் அவர் வேலையைத் தொடங்குவார். களிமண்ணோடு மணலும் உமியும் கலந்து மிதித்து, முதலில் நாலு காலையும் குழாய் மாதிரி எழுப்புவார். அது இறுக இறுக மேலே வயிறு, கழுத்து, தலை. உள்ளே வெறும் கூடு. அப்புறம் சூளை. சின்ன வயதில் அந்தச் சூளைக்குப் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறேன். வைக்கோல் புகை வாசம் இப்போதும் எனக்குக் கண்மாயைத்தான் ஞாபகப்படுத்துகிறது.

சரி, அந்தக் காலுடைந்த குதிரை யாருடையது தெரியுமா? உனக்கு ஒரு வயதில் காய்ச்சல் விடாமல் அடித்தபோது உன் அம்மாச்சி நேர்ந்துகொண்டது. குதிரையைச் சுமந்துபோய் இறக்கியதோடு அவள் கடன் தீர்ந்தது. இனி அது வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டியதுதான். உடைந்ததை அள்ளிக் கொட்டவும் மாட்டோம், ஒட்டவும் மாட்டோம். ஒட்டி ஒட்டி வைத்துக்கொண்டால் புதுசு எதற்கு? வேளார் மகனுக்கு அந்தக் கை எப்படி வரும்?

எனக்குப் பயம் கண்மாயை நினைத்துத்தான். மாட்டுத்தாவணிப் பக்கம் உலகநேரிக் கண்மாய் கிடந்த இடத்தில் இன்று கட்டடங்கள் நிற்கின்றன. மண்பாண்டத் தொழிலுக்குத் தாசில்தார் அனுமதியோடு கட்டணமில்லாமல் மண் எடுக்கலாம் என்று 2024இல் அரசு வழிசெய்தது. நல்ல காரியம். ஆனால் எடுப்பதற்குக் கண்மாய் வேண்டுமே, பாப்பா.

பிடிமண் கொடுக்கும் நாள் முடிவானதும் போன் பண்ணுகிறேன். லீவு போட்டு வந்துவிடு. இந்தத் தடவை அம்மாச்சி பேரில் நாம் ஒன்று எடுக்கிறோம்.

அன்புடன்,
மாமா