சிங்க்ஹோல் வீட்டு இன்சூரன்ஸில் அடங்காது

ஆசிரியருக்கு வணக்கம்.

புளோரிடாவில் வீடு வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புயல், வெள்ளம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னவர், சிங்க்ஹோல் (அடியில் பொந்து விழுந்து நிலம் உள்வாங்குவது) மட்டும் ‘வீட்டு இன்சூரன்ஸிலேயே அடங்கிவிடும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அடங்காது சார். பாஸ்கோ கவுன்ட்டியில் (மாவட்டத்தில்) குடியிருப்பவன் என்பதால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இங்கே சட்டப்படி வீட்டு பாலிசியில் கட்டாயமாக இருப்பது ‘கேட்டஸ்ட்ராஃபிக் கிரவுண்ட் கவர் கொலாப்ஸ்’ (நிலம் திடீரென உள்ளே இடிந்து வீட்டை நாசமாக்குவது) என்பதற்கான கவரேஜ் மட்டும்தான். அதற்குப் பணம் வர நிலம் திடீரென உள்வாங்கியிருக்க வேண்டும், பள்ளம் வெறும் கண்ணுக்கே தெரிய வேண்டும், அஸ்திவாரம் உட்பட கட்டடம் சேதமாகியிருக்க வேண்டும், போதாததற்கு அரசு அதிகாரிகள் வீட்டைக் காலி செய்யச் சொல்லி உத்தரவும் போட்டிருக்க வேண்டும். நாலில் ஒன்று குறைந்தாலும் கிடையாது.

2013இல் செஃப்னர் ஊரில் படுக்கையறையோடு ஒருவர் உள்ளே போனாரே, 2017இல் லேண்ட் ஓ லேக்ஸ் ஊரில் இரண்டு வீடுகள் போயினவே, செய்தியில் வருவது அதெல்லாம்தான். ஆனால் எங்கள் பக்கம் அதிகம் நடப்பது வேறு. அடியில் சுண்ணாம்புப் பாறை, மழைத்தண்ணீர் அதைக் கரைக்க, மேலே உள்ள மணல் அந்தப் பொந்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கதவு சரியாகச் சாத்தாது, சுவரில் படிப்படியாக விரிசல் ஓடும், ஆனாலும் வீட்டில் குடியிருக்கலாம். குடியிருக்க முடிகிறதல்லவா, அப்புறம் எதற்குப் பணம் என்பார்கள் இன்சூரன்ஸ் கம்பெனியில்! என் பக்கத்து வீட்டுக்காரருக்கு இதுதான் நடந்தது.

இதற்குத் தனியாகப் பிரீமியம் கட்டி ‘சிங்க்ஹோல் லாஸ்’ கவரேஜ் சேர்க்க வேண்டும். கேட்டால் கம்பெனி கொடுத்தாக வேண்டும், ஆனால் முதலில் வீட்டைச் சோதித்துப் பார்க்கலாம், அதனால் விரிசல் விட்ட பிறகு போய் நின்று பிரயோஜனமில்லை. டிடக்டிபிள், அதாவது முதலில் நாமே ஏற்க வேண்டிய பங்கு, வீட்டை இன்சூர் செய்த தொகையில் 10 சதவீதம் வரை போகும். 4 லட்சம் டாலருக்கு இன்சூர் செய்த வீடென்றால் முதல் 40 ஆயிரம் நம் பாக்கெட்டிலிருந்துதான். 2011இல் சட்டத்தை இறுக்கியபோது, பணத்தை வாங்கிக்கொண்டு வீட்டைப் பழுது பார்க்காதவர்களைக் காரணம் காட்டினார்கள். சரி, நியாயம்தான், ஆனால் அந்தச் சுமை இப்போது ஒழுங்காகப் பிரீமியம் கட்டுபவர்கள் தலையிலும் விழுகிறது.

கவரேஜ் இருந்தும், மண்ணைச் சோதிக்காமலேயே கம்பெனி க்ளெய்மை மறுத்தால் விட்டுவிடாதீர்கள். மறுப்பு கைக்கு வந்த 60 நாளுக்குள் எழுத்துமூலம் சோதனை கேட்கலாம். செலவில் பாதி அல்லது 2,500 டாலர், எது குறைவோ அது நம் பங்கு. சிங்க்ஹோல்தான் என்று உறுதியானால் அதையும் கம்பெனி நமக்குத் திருப்பித் தர வேண்டும்.

வாங்கப்போகிறவர்களுக்கு ஒன்று: அந்த வீட்டுக்கு விற்பவர் முன்பு சிங்க்ஹோல் க்ளெய்ம் பணம் வாங்கினாரா, அது முழுவதும் ரிப்பேருக்கே போனதா என்பதை அவர் சொல்லியாக வேண்டும். அவர் வாய்வார்த்தையோடு நிற்காமல் கவுன்ட்டி கிளார்க் ஆபீஸிலும் (ஆவணங்கள் பதியும் அலுவலகம்) பாருங்கள், பணம் கொடுத்த கம்பெனி தன் ரிப்போர்ட்டை அங்கே பதிவு செய்திருக்க வேண்டும்.

அந்த ஒரு வரியை அடுத்த இதழில் திருத்திவிடுங்கள்.

பாஸ்கோ கவுன்ட்டி வாசகர்,
புளோரிடா