கல்லறைத் தோட்டத்துச் சுவர்: ஆயர் ஆண்டகைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய ஆயர் ஆண்டகை அவர்களுக்கு,

தங்கள் மறைமாவட்டத்தின் கிராமப் பங்கு ஒன்றைச் சேர்ந்த தலித் கிறிஸ்தவன் எழுதும் மடல் இது. எங்கள் கல்லறைகளை மற்றச் சாதியாரின் கல்லறைகளிலிருந்து பிரித்து, கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே நிற்கும் சுவரைப் பற்றித் தாங்கள் அறியாதது எதுவுமில்லை. எங்கள் மனுக்களே ஒரு கோப்பை நிறைத்திருக்கும். ஆகவே சென்ற மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிறு மறையுரையில் எங்கள் பங்குத்தந்தை, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்குப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றி உருக்கமாகப் பேசினார். 1963 ஏப்ரலில், அவசரப்படாதீர்கள் என்று அறிவுரை சொன்ன எட்டு வெள்ளையின மதகுருக்களுக்கு, பர்மிங்காம் சிறையிலிருந்து செய்தித்தாளின் ஓரங்களில் கிங் பதில் எழுதத் தொடங்கியதை அவர் விவரித்தபோது, என் சித்தி தரையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். புதன்கிழமை சித்தி இறந்துபோனார்.

இறந்தவர்களைக் கல்லறைக்குக் கொண்டுசெல்லும் கோவிலின் பொதுத் தூம்பாவைக் கேட்டோம். சாவி யாரிடம் இருக்கிறதென்று தெரியவில்லை என்றார் உபதேசியார். நாற்பது ஆண்டுகள் அந்தக் கோவிலைப் பெருக்கியவரை மூங்கில் பாடையில் கிடத்தி, தேரோடும் தெருவை விட்டு விலகி, வாய்க்கால் கரை வழியே தூக்கிச் சென்றோம். மழைச் சேற்றில் ஒருவருக்குக் கால் வழுக்கப் பாடை சாய்ந்தது. சித்தியின் விரல்களில் சுற்றியிருந்த செபமாலை அறுந்து, மணிகள் சிதறின. அவருடைய மகள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்ளும் வரை, பாடையைத் தோளில் தாங்கியபடி நின்றிருந்தோம். பங்குத்தந்தையும் அதே சேற்றில்தான் நின்றார், அதை மறுக்கமாட்டேன். ஆனால் சாவியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

ஆண்டகையே, கல்லறைத் தோட்டம் மறைமாவட்டத்தின் சொத்து. அந்தச் சுவரை அகற்றத் தாங்கள் ஆணையிட வேண்டும்.

1959-இல் கேரளத்துக்கு வந்த கிங்கை, தீண்டாமைக்கு ஆளான குடும்பங்களின் பிள்ளைகள் படித்த பள்ளியின் தலைமையாசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்துள்ள நம்மைப் போன்ற தீண்டப்படாதவர் என்று அறிமுகப்படுத்தினார். முதலில் கிங்கின் மனம் சுருக்கென்றது. பிறகு, ஆம், நானும் தீண்டப்படாதவன்தான் என்று ஏற்றுக்கொண்டதை 1965-இல் தம் ஆலய மறையுரையில் அவரே சொன்னார். எங்கள் பங்குக்கு வந்திருந்தால் அவருக்கும் வாய்க்கால் கரைதான் வழியாகியிருக்கும்.

ஒவ்வோர் ஆகஸ்டு 10-ஆம் நாளும் கறுப்புக்கொடி ஏந்துகிறோம். 1950-இல் அதே நாளில் வந்த குடியரசுத் தலைவர் ஆணை தலித் கிறிஸ்தவர்களைப் பட்டியல் சாதியினர் பட்டியலில் சேர்க்கவில்லை. 1956-இல் சீக்கியர்களும் 1990-இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்ட பிறகும் நாங்கள் வெளியே நிற்கிறோம். அந்தக் கோரிக்கை முற்றிலும் நியாயமானது. கிறிஸ்தவத்தில் சாதி ஏது என்று கேட்பவர்களுக்குக் காட்ட எங்கள் சுவரைவிட நல்ல சான்று கிடைக்காது என்பதால்தான் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறோமோ என்றுகூடச் சில நேரம் தோன்றுகிறது. இந்தக் குத்தல் பேச்சைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அன்று மெழுகுதிரி ஏற்றவும் மந்திரிக்கவும் தாங்கள் எங்கள் பங்குக்கு வருவதாக அறிவித்திருக்கிறார்கள். அதற்குள் சுவரை அகற்றவும், தூம்பாவின் சாவியை அனைவருக்கும் பொதுவாக வைக்கவும் எழுத்தில் ஆணையிடுமாறு மிகப் பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வீடுகளில் கடப்பாரைகள் இருக்கின்றன. ஆயினும் தங்கள் ஆணைக்காகவே காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் இறைமக்களில் ஒருவன்