நவகைலாய வழியைக் கரையோர ஊர்களிடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆற்றங்கரைகளைச் சீரமைத்து நடைபாதை அமைப்பது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தாமிரபரணிக்கும் அப்படி ஒரு பாதை வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் எந்தத் துறை கட்டும், எவ்வளவு செலவாகும் என்பதற்கெல்லாம் இடம் தந்த கட்டுரை, கரையில் குடியிருக்கும் ஊர்களுக்கு அதில் என்ன பங்கு என்பதை ஓரிடத்திலும் பேசவில்லை. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று. தாமிரபரணிக் கரையில் யாரும் புதிதாக வழி கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம் என்று நவகைலாயத் தலங்கள் ஒன்பதும் ஆற்றின் போக்கிலேயே வரிசையாக இருக்கின்றன. அகத்தியர் சொன்னபடி உரோமச முனிவர் ஒன்பது பூக்களை ஆற்றில் மிதக்கவிட்டு, அவை கரை ஒதுங்கிய இடங்களிலெல்லாம் சிவனை நிறுவினார் என்பது தலபுராணம். புராணத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும். மலையடிவாரத்திலிருந்து புன்னைக்காயல் கழிமுகம் வரை ஆற்றோடு கூடவே போகும் ஒரு யாத்திரை வழியை நம் முன்னோர் மனத்தில் வரைந்து வைத்திருந்தார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றியுள்ள ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதிகளும் இதே ஆற்றங்கரைகளில்தான் இருக்கின்றன.

இன்று மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் நெல்லையிலிருந்து நவகைலாயத்துக்குச் சிறப்புப் பஸ் விடுகிறார்கள். விடியுமுன் ஏறினால் ஒரே நாளில் ஒன்பது கோயில்களையும் பார்த்துத் திரும்பிவிடலாம். வயதானவர்களுக்கு அது பெரிய உதவி, குறை சொல்லமாட்டேன். ஆனால் பஸ் சாலையில் போகிறது. ஆற்றை ஒட்டி உருவான யாத்திரையில், ஆற்றைப் பாலத்தைக் கடக்கும்போதுதான் பார்க்கிறோம்.

ஒரு காலத்தில் நடந்து போனவர்கள் தங்குவதற்குக் கட்டிய கல்மண்டபங்கள் இன்னும் கரையில் நிற்கின்றன. எங்கள் ஊருக்கு மேற்கே ஒன்று உண்டு. தூணில் ஒரு சாண் நீளத்துக்கு மீன் ஒன்று செதுக்கியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கை பட்டு அதன் செதில்கள் மழுங்கிவிட்டன. கூரைக்கல் இடுக்கில் அரசங்கன்று வேர் விட்டு, ஒரு கல்லை விரலளவு தூக்கிவிட்டது. உள்ளே கால் வைக்க முடியாதபடி உடைந்த மது பாட்டில்கள். எதிரே படித்துறையின் கடைசி மூன்று படிகளை அமலைச் செடி என்ற ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது. அந்தக் கன்றைப் பிடுங்க ஒரு ஆள், அரைமணி நேரம் போதும். பிடுங்கும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் தெரியவில்லை. கரை ஒரு துறைக்கு, மண்டபம் இன்னொரு துறைக்கு, குப்பை ஊராட்சிக்கு என்று பிரிந்து கிடக்கிறது. ஊர்க்காரர்கள் தொட்டால் கேள்வி வரும் என்று தொடுவதில்லை.

அப்படியானால் ஊர்க்காரர்களால் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்பவர்களுக்கு, நெல்லைச் சீமையிலேயே பதில் இருக்கிறது. மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையத்தின் முயற்சியில், 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், புகைப்படக்காரர்கள், வங்கி ஊழியர்கள் எனப் பலதரப்பட்டவர்கள் வருகிறார்கள். நானும் என் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிறவள்தான். ஒரு குளத்தங்கரையில் பிள்ளைகள் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தார்கள். மடை திறந்து அடைக்கும் பெரியவர் கண்ணைச் சுருக்கிக்கூடப் பார்க்காமல், "அந்தக் கருவேலத்துக்குப் பின்னால் பாருங்க பிள்ளைகளா, நாரை அங்கனதான் ஒதுங்கும், தண்ணி இன்னும் ஒரு முழம் வடிஞ்சா கிழக்கே வந்துரும்" என்றார். அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தன. குளத்தில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கும், எந்தப் பறவை எங்கே வரும் என்பது அவருக்குத் தெரியும். எந்தத் திட்டக் கூட்டத்துக்கும் அவரை யாரும் அழைத்ததில்லை.

நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் கூந்தன்குளத்தைத் தமிழ்நாடே அறியும். 1994-இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அந்த ஊர் மக்கள் வீட்டு வாசல் மரங்களில் கூடு கட்டும் பறவைகளைப் பிள்ளைகளைப்போலப் பார்த்துக்கொண்டார்கள். பறவை மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். மக்கள் காத்த இடத்துக்கு அரசு பின்னால் வந்து பெயரும் பாதுகாப்பும் கொடுத்தது. இந்த வரிசைதான் முக்கியம்.

இந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறோம். ஊர்மக்களே சேர்ந்து குளம், வாய்க்கால்களைச் சீரமைக்கும் குடிமராமத்தை 2017-இல் தமிழக அரசு மீண்டும் தொடங்கியபோது நான் மனமார வரவேற்றேன். செலவில் 10 சதவீதத்தைப் பாசன விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டும் என்ற விதி நல்ல விதி. ஆனால் பல ஊர்களில் பாசன விவசாயிகள் சங்கத்தின் பெயர் தாளில் இருந்தது, வேலையை ஒப்பந்ததாரர்தான் செய்தார் என்று புகார்கள் எழுந்தன. அதைவிடப் பெரிய குறை, வேலை முடிந்ததும் சங்கத்தின் பங்கும் முடிந்துபோனதுதான். அடுத்த மழைக்குப் பின் மடையில் மண் சேர்ந்தால் யார் எடுப்பது? அதற்கு எங்கிருந்து பணம்? ஒரு முறை தூர்வாருவதற்கு நிதி ஒதுக்கியவர்கள், ஆண்டுதோறும் பராமரிக்கச் சிறு தொகைகூட ஒதுக்கவில்லை.

அமெரிக்காவில் தேசியப் பூங்காப் பணித்துறை நடத்தும் ஒரு திட்டம் உண்டு. ஆறுகள், நடைவழிகள், பசுமைப் பாதைகள் ஆகியவற்றைக் காக்க நினைக்கும் உள்ளூர் அமைப்புகள்தான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் திட்டம் பணம் தருவதில்லை. வரைபடம் போடவும், பல தரப்பாரை ஒரு மேசையில் உட்கார வைக்கவும், திட்டம் எழுதவும் தெரிந்த ஆட்களைத் தருகிறது. என்ன வேண்டும் என்பதை ஊர் சொல்கிறது. அந்த நாட்டுச் சட்டமும் வசதியும் வேறு. அப்படியே இங்கே கொண்டுவந்து நட முடியாது. ஆனால் கேட்கும் உரிமை ஊருக்கு, உதவும் கடமை அரசுக்கு என்ற ஏற்பாடு நமக்கும் ஒத்துவரும்.

சென்னையிலிருந்தோ மாவட்டத் தலைநகரிலிருந்தோ ஒரே அச்சில் வார்த்த திட்டம் வந்தால், சிமென்ட் கற்கள் பதித்த பாதையும் எவர்சில்வர் கம்பியும் அலங்கார விளக்கும்தான் வரும். கோவையில் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளைச் சீரமைத்த பிறகு மக்கள் காலை நடைக்கு ஆர்வமாக வருகிறார்கள் என்பது உண்மை. கரையில் சிமென்ட் மிகுந்து பறவைகளுக்கு இடம் குறைந்தது என்று அங்குள்ள இயற்கை ஆர்வலர்கள் வருந்தியதும் உண்மை. நகரத்துக் குளத்தில் ஒருவேளை அதைத் தாங்கலாம். தாமிரபரணி தாங்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாங்கள் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. அவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள் பக்கத்துக் கிராமத்தார். அந்த வெள்ளத்தில் எந்தக் கம்பியும் விளக்கும் நின்றிருக்காது. இந்த ஆற்றங்கரைக்கு மண்பாதை போதும். வெள்ளம் வந்தால் மூழ்கட்டும், வடிந்த பிறகு மண்வெட்டியோடு போய்ச் சரிசெய்துகொள்ளலாம். நிழலுக்கு மருதமரங்களும் நாவலும் இருக்கின்றன. இல்லாத இடத்தில் நடலாம்.

நடமாட்டமுள்ள கரை மணல் திருடர்களுக்குப் பிடிக்காது. இதை நான் சும்மா சொல்லவில்லை. பெரியவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அதற்குப் பிறகும், 2023 ஏப்ரலில், மணல் கடத்தல் குறித்துப் புகார் கொடுத்த முறப்பநாடு கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்தில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். ஆற்றைக் காக்கும் வேலையைத் தனி ஒரு மனிதரின் தலையில் வைத்தால் இதுதான் நடக்கும். யாத்திரை போகிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், மாடு மேய்ப்பவர்கள் எல்லோரும் தினமும் புழங்கும் கரையில் இரவோடு இரவாக லாரி இறங்குவது அவ்வளவு எளிதல்ல.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மக்கள் பங்கேற்பு என்ற பெயரில் அரசு தன் வேலையை எங்கள் தலையில் கட்டக்கூடாது. நகரங்களின் சாக்கடை சுத்திகரிக்கப்படாமல் ஆற்றில் கலப்பதை நிறுத்துவது உள்ளாட்சிகளின் கடமை. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, விருதுநகர் என நான்கு மாவட்டங்கள் இந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கின்றன. சுமார் 86,000 ஏக்கர் இதில் விளைகிறது. மேலே சாக்கடைக் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, கீழே மாணவர்களுக்குக் கையுறை கொடுத்துக் குப்பை பொறுக்கச் சொல்வது பிள்ளைகளை ஏமாற்றும் காரியம். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விடும் துணிகளும் அப்படியே. எத்தனை முறைதான் தன்னார்வலர்கள் இழுத்துப் போடுவார்கள்? துணியை விடவேண்டாம் என்று கோயில் நிர்வாகமும் அர்ச்சகர்களும் சேர்ந்து சொன்னால், அதைக் கேட்காத பக்தர் யார் இருக்கப்போகிறார்?

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் தவிர மற்ற ஏழும் ஆங்கிலேயர் வருமுன்பே கட்டப்பட்டவை. பாசனத்தை அணைக்கட்டு வாரியாகப் பிரித்துத்தான் இந்தப் பகுதி வாழ்ந்திருக்கிறது. கரையையும் அப்படியே பிரிக்கலாம். ஓர் அணைக்கட்டுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட கரையை, அந்தப் பகுதி விவசாய சங்கம், மீன்பிடிப்பவர்கள், ஊராட்சிகள், கோயில், பள்ளிகள் சேர்ந்த ஒரு குழுவிடம் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தோடு கொடுக்கட்டும். துணி துவைக்கும் பெண்களும் மாடு குளிப்பாட்டுகிறவர்களும் அந்தக் குழுவில் கட்டாயம் இருக்கவேண்டும். அழகு என்று சொல்லி முதலில் விரட்டப்படுவது அவர்கள்தான். மண்டபத்துக் கன்றைப் பிடுங்கவும், பாதையில் முள் வெட்டவும், மணல் லாரியைப் பற்றிப் புகார் தரவும் அந்தக் குழுவுக்கு அதிகாரம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு சிறு தொகை பராமரிப்புக்கு வேண்டும். அதன் கணக்கைக் கிராமசபையில் படிக்கவேண்டும்.

முறப்பநாட்டிலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை சோதனையாகத் தொடங்கலாம். இரண்டு கைலாயங்களுக்கு இடைப்பட்ட தூரம். ஆதிச்சநல்லூரும் வழியில்தான் இருக்கிறது. அடுத்த மார்கழிக்குள் முள் வெட்டிப் பாதையைத் திறந்துவிட்டால், பஸ்ஸில் வருகிறவர்களில் சிலராவது முறப்பநாட்டில் இறங்கி நடப்பார்கள். மாவட்ட நிர்வாகத்துக்கு இந்தக் கோரிக்கையை ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு அனுப்ப இருக்கிறோம். தங்கள் இதழின் நிருபர் ஒருவர் அதற்கு முன் ஒருநாள் வந்தால், அந்தக் கரையை முழுவதும் உடன் நடந்து காட்ட நாங்கள் தயார்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
ஸ்ரீவைகுண்டம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்