எடை கேட்டு ஏற்றும் விமானம்

மார்ச் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தை மாதம் நீங்கள் போட்ட கடிதம் நேற்றுத்தான் வந்தது. கடைசி நாலு நாள் பனிமூட்டத்தில், இங்கே அலாஸ்காவில் எங்களுக்குப் பக்கத்து டவுனான பெத்தேலிலேயே கிடந்திருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு வரியும் எழுதாததைப் பற்றி ஒரு வார்த்தை கோபமாக எழுதியிருந்தால்கூடத் தேவலை. போனில் "சரிம்மா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவர், தாளில் நாலு பக்கம் பேசியிருக்கிறீர்கள்.

"அந்த ஊருக்குப் பஸ் எத்தனை?" ஓய்வு பெற்றாலும் கண்டக்டர் கண்டக்டர்தான்! ஒன்றும் இல்லை அப்பா. பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து பெத்தேல் சுமார் 640 கிலோமீட்டர், சாலையே கிடையாது. பெத்தேலிலிருந்து எங்கள் ஊருக்குச் சின்ன விமானம். இருக்கை தருமுன் நம் எடையைக் கேட்கிறார்கள், மூட்டைகளையும் நிறுத்துப் பார்க்கிறார்கள். நான் மூன்று கிலோ குறைத்துச் சொன்னேன்; பைலட் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னைப் பின்னால் போய் உட்காரச் சொன்னார். இறங்கும் இடத்தில் ஓடுபாதையும் காற்றும்தான். விமானம் வரும் செய்தி வி.எச்.எஃப். ரேடியோவில் கேட்டதும் ஆட்கள் பனிவண்டிகளை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்.

அந்த ரேடியோ நம் அம்மன் கோயில் ஒலிபெருக்கி மாதிரி. விமானம், பிங்கோ, யாரோ தொலைத்த கையுறை எல்லாம் அதில்தான். பக்கத்து வீட்டுப் பாட்டி அதை அணைத்து நான் பார்த்ததில்லை.

இப்போது குஸ்கோக்விம் ஆறு உறைந்திருப்பதால் அதுவே ரோடு. மேலே விழும் பனியை வழித்துவிட்டால் பெத்தேல் டாக்ஸியே வாசலுக்கு வருகிறது. போன வாரம் ஓட்டி வந்தவர் அல்பேனியாக்காரர். சக்கரத்துக்குக் கீழே ஆறு இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். சித்திரை கடைசியில் பனிக்கட்டி உடையும். படகு விடும்வரை மறுபடி விமானம்தான் கதி.

ஊரில் டாக்டர் இல்லை. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண் ஒருத்தி பெத்தேல் டாக்டரிடம் போனில் கேட்டு மருந்து தருகிறாள். எனக்கு வந்த காய்ச்சலும் அவள் கையில்தான் சரியானது. அம்மாவிடம் சொல்லவேண்டாம்.

என் வகுப்புப் பிள்ளைகள் முதல் வாரம் கணக்குக்குப் பதிலே சொல்லவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா? சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இங்கே புருவத்தை உயர்த்தினால் "ஆமாம்". நானோ அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் தலையாட்டல் அவர்களுக்கு இன்னும் பிடிபடவில்லை.

புளி தீர்ந்துவிட்டது. கடை விலைகளை எழுதினால் அம்மா சாப்பிடமாட்டாள், விடுங்கள். போன இலையுதிர்காலத்தில் தூந்திராவில் பறித்து உறைய வைத்திருந்த சிவப்புக் கிரான்பெரிப் பழத்தைப் பாட்டி ஒரு டப்பா நிறையத் தந்தாள். நசுக்கிச் சாறெடுத்து, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்தேன். நிறம் செம்பருத்தி, புளிப்பு மட்டும் நம்முடையது. பாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு "குயானா" என்றாள், நன்றி என்று அர்த்தம். இரண்டாம் வாய் குடிக்கவில்லை. குளிருக்குப் புதுக் கோட்டு வாங்கவில்லை; முன்பிருந்த ஆசிரியை விட்டுப்போனதே போதும், கை மட்டும் கொஞ்சம் நீளம்.

கடுகு தாளித்தபோதுதான் அப்பா, நீங்கள் விளாத்திகுளம் கடைசி டிரிப் முடித்து வந்து திண்ணையில் பையைக் கவிழ்த்துச் சில்லறை எண்ணும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வெகுநேரம் சமையலறையிலேயே நின்றிருந்தேன்.

போகட்டும். இந்த மாதம் பணம் குறைவாக வந்ததற்கு விமான டிக்கெட்தான் காரணம். ஏஜென்டுக்குத் தரவேண்டியது ஆனியோடு முடிந்துவிடும். தங்கச்சிக்கு ரைஸ்மில் வீட்டார் கேட்கிற பவுனுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். சாத்தூர் அத்தையைக் கலக்காமல் தேதியும் குறிக்கவேண்டாம். கண்மாய்க்கரை நிலத்துப் பட்டாவில் சித்தப்பா பெயர் இன்னும் இருக்கிறதா என்று தாலுகா ஆபீசில் பாருங்கள். கையெழுத்துப் போடுமுன் எனக்கு எழுதுங்கள். பதில் வரத் தாமதமாகும், காத்திருங்கள்.

உங்கள் மூத்தவள்