கைமாத்து மன்னனுக்கு

அன்புள்ள கைமாத்து மன்னா,

உன் கடிதம் வந்து நாலு மாதம் ஆகிறது. பதில் போடாததற்கு என்ன காரணம் சொன்னாலும் நீ நம்பப் போவதில்லை, அதனால் சொல்லவில்லை. வீட்டில் எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

"நாட்டுக்கு எத்தனை கோடி கடன் இருந்தால் எனக்கென்ன, நானா கையெழுத்துப் போட்டேன்?" என்று கேட்டிருந்தாய். அப்போது சிரித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். போன வாரம் வருங்கால வைப்பு நிதிக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். இந்தப் பணமெல்லாம் எங்கே கிடக்கிறது என்று துருவினால், பெரும்பகுதி அரசாங்கக் கடன் பத்திரங்களில், அதாவது அரசாங்கம் கடன் வாங்கிக்கொண்டு எழுதித் தரும் சீட்டுகளில்! வங்கி, காப்பீட்டு நிறுவனம் எல்லாம் அதையேதான் வாங்கி அடுக்கி வைத்திருக்கின்றன. நீ கையெழுத்துப் போடவில்லை, சரி. ஆனால் கடன் கொடுத்தவர்களில் நீயும் நானும் உண்டடா. வட்டி கட்டுவதும் நாம்தான், வரியாக.

அன்றிலிருந்து தூக்கம் போச்சு. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்ததே, அப்போது எரிபொருள் வரிசைகளைத்தான் எல்லோரும் பார்த்தோம். அந்த செப்டம்பரில் கொழும்பில் விலைவாசி முந்தைய ஆண்டைவிடச் சுமார் 70 சதவீதம் ஏறியிருந்தது. சேமிப்பை யாரும் திருடவில்லை. பணம் அப்படியே இருந்தது, வாங்கும் சக்திதான் காணாமல் போனது. 2023-இல் உள்நாட்டுக் கடனைச் சீரமைத்தபோது, அதாவது திருப்பிக் கட்டும் நிபந்தனைகளை மாற்றியபோது, வங்கிகளிடம் இருந்த ரூபாய்க் கடன் பத்திரங்களைத் தொடவில்லை. கை வைத்தது ஊழியர் சேமலாப நிதியில், நம் வருங்கால வைப்பு நிதி மாதிரி அங்கே இருப்பது. பழைய பத்திரத்தைக் கொடுத்துவிட்டு நீண்ட காலப் பத்திரத்தை வாங்கிக்கொள், மறுத்தால் நிதியின் வருமானத்துக்கான வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும் என்றார்கள். 2012-இல் கிரேக்கத்திலும் பத்திரங்களின் முகமதிப்பில், அதாவது பத்திரத்தில் எழுதியிருந்த தொகையில், பாதிக்கு மேல் வெட்டினார்கள். அதில் அந்த நாட்டு ஓய்வூதிய நிதிகளும் மாட்டிக்கொண்டன.

நீ உடனே ஜப்பானைக் காட்டுவாய், தெரியும். அதன் அரசாங்கக் கடன் நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், இருந்தும் கவிழவில்லை. ஆனால் அது சொந்த நாணயத்தில், பெரும்பாலும் சொந்த மக்களிடமே வாங்கியது. டாலரில் வாங்கியவன் நிலை வேறு. அவனால் டாலர் அச்சடிக்க முடியாது. முதல் உலகப் போருக்கு வாங்கிய கடனில் மிச்சமிருந்த பத்திரங்களை பிரிட்டன் 2015-இல்தான் அடைத்தது. கடன் என்றாலே அலறத் தேவையில்லை என்று நானே ஒப்புக்கொள்கிறேன். பிறக்கும் குழந்தையின் தலையில் இவ்வளவு கடன் என்று மேடையில் முழங்குகிறார்களே, அது பாதிப் பொய். பத்திரமும் யாரோ ஒரு குழந்தைக்குத்தானே போகிறது?

யார் வீட்டுக் குழந்தைக்கு என்பதுதான் என்னை உறுத்துகிறது. பத்திரம் வைத்திருப்பவனுக்கு வட்டி வருகிறது. ஒரு காசு சேமிப்பில்லாதவனும் சோப்பு வாங்கும்போது வரி கட்டி அந்த வட்டிக்குப் பங்கு கொடுக்கிறான். வருமானத்தில் முதலில் வட்டியை எடுத்துவிட்டு, மிச்சத்தில்தான் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. அணை கட்ட வாங்கிய கடன் என்றால் பேரன் கட்டட்டும், தண்ணீராவது வரும். மாதச் சம்பளம் போட வாங்கியதை அவன் ஏன் கட்ட வேண்டும்?

அப்புறம், கண்ணாடிக்காரன் இன்னும் அதே சட்டையில்தான் திரிகிறானா? அடுத்த மாதம் வரப் பார்க்கிறேன், முழங்கால் விட்டால். என்னிடம் வாங்கிய கைமாத்தைச் சீரமைக்கும் எண்ணம் இருந்தால், இப்போதே எழுதிவிடு.

உன்,
ஏமாந்த கடன்காரன்