தைராய்டு மாத்திரை மரபணுவை மாற்றாது

சமூக மன்றங்களில் தமிழில் உடல்நலப் பேச்சு நடத்துவோருக்கும், அதற்கான துண்டுப்பிரசுரங்களை மொழிபெயர்ப்போருக்கும்,

வணக்கம். நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 11 ஆண்டுகளாகத் தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டு, கோப்பிக்காக அரை மணி நேரம் காத்திருப்பவளும்கூட.

என் அக்கா மகள் இப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. அவளுக்கும் தைராய்டு குறைவு. உங்கள் பேச்சு ஒன்றுக்குப் போய்வந்தவள், அங்கே கொடுத்த தாளைப் படித்துவிட்டு 9 நாள் மாத்திரையைத் தொடவில்லை. கேட்டால், “பிள்ளையோட மரபணு மாறிடும்னு போட்டிருக்கே சித்தி, எப்படிச் சாப்பிடுறது?” என்கிறாள். தாளை வாங்கிப் பார்த்தேன். ‘தைராய்டு ஹார்மோன் மரபணுக்களை மாற்றுகிறது’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆங்கில மூலத்தில் இருந்ததோ, மரபணுக்களின் வெளிப்பாட்டை, அதாவது அவை எந்த அளவு வேலை செய்கின்றன என்பதை, மாற்றுகிறது என்பது. ‘வெளிப்பாடு’ வாசகருக்குக் கடினம் என்று யாரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள்.

அந்த ஒரு சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. கருவின் தைராய்டுச் சுரப்பி போதுமான அளவு சுரக்க ஏறக்குறைய 16 முதல் 20 வாரம் ஆகும். அதுவரை குழந்தையின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் ஹார்மோன்தான் துணை. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடும் பெண்களில் பலருக்குக் கர்ப்ப காலத்தில் அளவை 25 முதல் 50 விழுக்காடு வரை கூட்டவே வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட வாரங்களில் இவள் நிறுத்தியிருக்கிறாள்.

சரி, உண்மையில் மாறுவது எது? மரபணுவின் எழுத்தல்ல, அது பேசுகிறதா அடங்கியிருக்கிறதா என்பதுதான். ‘க’ எழுதி மேலே ஒரு புள்ளி வையுங்கள். எழுத்து அதேதான், உள்ளிருந்த அகரம் மட்டும் அடங்கிவிட்டது. டிஎன்ஏவில் மெத்தில் என்ற குறி ஏறுவதும் ஏறக்குறைய இப்படித்தான். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில், பெரும்பாலும் ஜிக்கு முன்னால் நிற்கும் சியின் மேல், ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு குறி ஒட்டிக்கொள்கிறது. ஒரு மரபணுவின் தொடக்கத்தில் இந்தப் புள்ளிகள் நெருக்கமாக விழுந்தால் அந்த மரபணு பொதுவாக வாயடைத்துப்போகும். புள்ளியை எடுக்கவும் செல்லில் நொதிகள் உண்டு. (ஓலைச்சுவடி எழுதியவர்கள் ஓலை கிழியுமென்று புள்ளியே வைக்கமாட்டார்கள், படிப்பவர்தான் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும். செல்லுக்கு அந்தத் தொல்லை இல்லை.)

தைராய்டு ஹார்மோன் முதன்மையாக வேலை செய்வது இந்தப் புள்ளி வழியாகவும் அல்ல. மாத்திரையில் இருப்பது நான்கு அயோடின் கொண்ட டி4. உடல் அதில் ஒன்றைக் கழற்றி டி3 ஆக்குகிறது. செல்லின் உட்கருவில் டிஎன்ஏ மேலேயே அதற்கான ஏற்பி, அதாவது அந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம், காத்திருக்கும். டி3 வராதவரை, அடக்கும் புரதங்களைக் கூட்டு சேர்த்துக்கொண்டு மரபணுவை மூடிவைக்கும். வந்து ஒட்டியதும் அந்தக் கூட்டு விலகி, தூண்டும் புரதங்கள் வரும், மரபணு பேசத் தொடங்கும். 1912இல் குடர்நாட்ஷ் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுத் திசுவை ஊட்டினார். அவை வளர்ந்து முடிக்கும் முன்பே குட்டிக் குட்டித் தவளைகளாக மாறிவிட்டன. தலைப்பிரட்டைக்கும் அதிலிருந்து வரும் தவளைக்கும் மரபணுத் தொகுதி ஒன்றேதானே!

அப்புறம் புள்ளிக்கும் தைராய்டு ஹார்மோனுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இருக்கிறது. புதிய மெத்தில் குறிகளை வைக்கும் நொதிகளில் ஒன்றான டிஎன்எம்டி3ஏயை உருவாக்கும் மரபணுவையே, எலி மூளையில் டி3 தூண்டுகிறது. மனித இரத்தத்தில் கேஎல்எஃப்9 என்ற மரபணுவுக்கு அருகே உள்ள குறிகளுக்கும் தைராய்டு அளவுக்கும் தொடர்பு தெரிந்திருக்கிறது. தொடர்புதான், கெடுதல் என்று யாரும் சொல்லவில்லை.

நம் சிங்கப்பூரிலேயே 2009இல் தொடங்கிய ‘கஸ்டோ’ ஆய்வு இருக்கிறது, சீன, மலாய், இந்தியத் தாய்மார்களையும் பிள்ளைகளையும் பின்தொடர்வது. அதில் 237 குழந்தைகளின் தொப்புள்கொடியைப் பார்த்து 2014இல் வெளியிட்டார்கள். ஆளுக்கு ஆள் மெத்தில் குறி வேறுபடும் 1,423 இடங்களில், சுமார் கால்வாசிக்கு மரபணு வகை (பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும் எழுத்துகள்) மட்டுமே நல்ல விளக்கமாக இருந்தது. மீதி முக்கால்வாசிக்கு மரபணு வகையும் கருப்பைச் சூழலும் சேர்ந்தே விளக்கம் தந்தன. தைராய்டு பற்றிய ஆய்வல்ல அது. ஆனால் அடுத்த பேச்சில் உதாரணம் தேவைப்பட்டால் இதைச் சொல்லலாம்.

‘மரபணு மாற்றம்’ என்பதை எழுத்தே மாறும் பிறழ்வுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதற்கு ‘மரபணுவின் செயற்பாடு’ என்றாலே போதும், என் அக்காவுக்கே புரிகிறது. மாத்திரை வரும் இடத்தில், மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள்.

அக்கா மகள் பலதுறை மருந்தகத்துக்குப் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள், மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டாள். அந்தத் தாளின் மிச்சப் பிரதிகள் போன சனிக்கிழமையும் மன்றத்தின் வரவேற்பு மேசையில் அடுக்கியபடியே இருந்தன. நான் கை வைக்கவில்லை. நீங்களே வந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சுக்குத் தவறாமல் வரும் ஒருத்தி